துணைவினைக்கும் வினைக்கும் நடுவே தொடரை நுழைப்பது எப்படி?

குளச்சலில் படகோட்டிகளுக்கு ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘எவ்ரி போட் மஸ்ட் ஸ்டே அஷோர்’ (ஒவ்வொரு படகும் கரையிலேயே நிற்க வேண்டும்) என்பதில் ‘மஸ்ட்’ என்பது மோடல் துணைவினை, அதாவது கட்டாயம், அனுமதி போன்றவற்றைக் காட்டும் துணைவினை. அதற்கும் ‘ஸ்டே’ என்ற வினைக்கும் நடுவே ‘இன் ரஃப் வெதர்’ (கடல் கொந்தளிக்கும்போது) என்னும், ‘இன்’ என்ற முன்னிடைச்சொல்லில் தொடங்கும் முன்னிடைத் தொடரை நுழைத்தால், ‘எவ்ரி போட் மஸ்ட், இன் ரஃப் வெதர், ஸ்டே அஷோர்’ என்று அமையும். தொடரின் இருபுறமும் காற்புள்ளி வேண்டும். ஒன்றை இட்டு மற்றொன்றை மறப்பதே நம்மவர் அடிக்கடி செய்யும் பிழை. இடைவெளி எவ்வளவு நீண்டாலும் ‘ஸ்டே’ மாறுவதில்லை. அதன் முன் ‘டு’வும் வராது, பின் ‘எஸ்’ஸும் ஒட்டாது.

தமிழிலோ ‘நிற்கத்தான் வேண்டும்’ என இடைச்சொல் ஏறுமேயன்றி, ‘கடல் கொந்தளிக்கும்போது’ என்ற தொடர் அவ்விடத்தில் இயல்பாக ஏறாது. ஆகவே மொழிபெயர்க்கையில் அதை முன்னே கொண்டுவந்துவிடுங்கள்.

‘நாட்’ என்ற எதிர்மறைச் சொல் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. ‘மே நாட், இன் ரஃப் வெதர், லீவ்’ என்றால் புறப்பட அனுமதி இல்லை என்று படிக்கலாம். ‘மே, இன் ரஃப் வெதர், நாட் லீவ்’ என்றாலோ புறப்படாமலும் போகலாம் என்ற பொருளே முந்திவரும். அறிவிப்புப் பலகையில் இத்தகைய இடைச்செருகலை நான் தவிர்ப்பேன்; தொடரை வாக்கியத்தின் தலையில் வைத்தால் அவசரத்தில் படிப்பவருக்கும் புரியும்.