ஐம்பது பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் படிப்புக் கணக்கைப் பார்ப்பது எப்படி?

காரைக்குடிக்கு அருகே கல்லல் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு சொந்த ஊர்ப் பள்ளிக்கு ஏதாவது செய்யலாம் என்று நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "சார், தேர்ச்சி எத்தனை சதவீதம்?" என்பதுதான். அந்தக் கேள்வியே வேண்டாம். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. எந்த நடுநிலைப் பள்ளியில் கேட்டாலும் நூறு என்றுதான் சொல்வார்கள். பொய்யும் இல்லை, உபயோகமும் இல்லை.

முதலில் வீட்டில் இருந்தபடியே செய்யக்கூடியது: மத்திய அரசின் பள்ளிப் புள்ளிவிவரத் தளமான யுடைஸ் பிளஸ்ஸில் 'நோ யுவர் ஸ்கூல்' பகுதிக்குப் போய் உங்கள் பள்ளியைத் தேடுங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் 33-இல் தொடங்கும். வகுப்புவாரியாக எத்தனை பேர், ஆண் எத்தனை, பெண் எத்தனை, ஆசிரியர், வகுப்பறை, கழிப்பறை எல்லாம் அதில் கிடைக்கும். சமூக விவரம் மட்டும் அதில் பாதிதான் தெரியும். நாம் பி.சி., பி.சி.எம்., எம்.பி.சி. என்று தனித்தனியாகப் பார்ப்பதெல்லாம் அங்கே ஓ.பி.சி. என்ற ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். பிரித்துப் பார்க்கப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டுக்குத்தான் போக வேண்டும்.

ஆசிரியர் எண்ணிக்கையையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் எட்டு வரை வகுப்புக்கு ஒருவராவது வேண்டும். கணக்கு-அறிவியல், சமூக அறிவியல், மொழி மூன்றுக்கும் ஆள் இருக்க வேண்டும். கணக்கு-அறிவியல் இடம் காலி என்றால், மதிப்பெண்ணைப் பார்த்து ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அப்புறம், ஊரை வைத்துப் பள்ளியை எடை போடாதீர்கள். செட்டிநாட்டில் இது ரொம்ப முக்கியம். தெருவுக்குத் தெரு ஆத்தங்குடிக் கல் பதித்த பெரிய வீடுகள் நிற்கும். பாதி வீடு பூட்டியிருக்கும். வீட்டுக்காரரின் பேரப்பிள்ளை இந்தப் பள்ளியில் படிக்கப் போவதில்லை. அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துப் பிள்ளைதான் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். ஆகவே வகுப்புவாரியாக ஒரு தாளில் இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: பிள்ளை யார் வீட்டில் இருக்கிறது (அப்பா வெளிநாட்டில், அம்மாவும் வேலைக்குப் போகிறார், அப்பத்தாதான் வளர்க்கிறார் என்பது இங்கே சாதாரணம்), வீட்டில் யார் எதுவரை படித்தார்கள், வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள். கட்டட வேலைக்கு வடக்கே இருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தால் தமிழ் வாசிப்பில் பின்தங்குவது அவர்கள் குற்றமல்ல. சாதிப் பட்டியலைவிட இந்தத் தாள் அதிகம் சொல்லும் என்பது என் கட்சி.

இப்போது மதிப்பெண். ஒரு வகுப்பில் ஒன்பது பேர் என்று வையுங்கள். ஒரு பிள்ளை என்றால் 11 சதவீதம். இரண்டு பேர் டி.சி. வாங்கிக்கொண்டு திருப்பூர் போனாலே பள்ளி 'முன்னேறிவிடும்' அல்லது 'சரிந்துவிடும்'. அதனால் சின்னப் பள்ளியில் சதவீதம் போடாதீர்கள், தலையை எண்ணுங்கள். போன வருட எட்டாம் வகுப்பையும் இந்த வருட எட்டாம் வகுப்பையும் ஒப்பிடுவதும் வீண். அவர்கள் வேறு பிள்ளைகள். இப்போது எட்டில் இருப்பவர்கள் ஐந்தில் எப்படி இருந்தார்கள் என்று பாருங்கள். ஐந்து முடிந்ததும் வேறு பள்ளியில் சேர்ந்து காரைக்குடி வேனில் ஏறிப் போனவர்கள் எத்தனை பேர் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஓரளவு வசதியும் ஓரளவு படிப்பும் உள்ள பிள்ளைகள்தான் பெரும்பாலும் அந்த வேனில் ஏறுகிறார்கள்.

மதிப்பெண் பதிவேட்டில் வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறிக்கு, அதாவது பருவ இறுதித் தேர்வுக்கு, 60. நாற்பது, செயல்பாட்டுக்கும் சிறு தேர்வுக்கும் ஆசிரியர் போடுவது; மனசு இளகித்தான் போடுவார். அந்தப் பத்தியைக் கையால் மறைத்துவிட்டு அறுபதை மட்டும் படியுங்கள்.

இதோடு விட்டுவிடாமல், தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டுத் தாழ்வாரத்தில் பிள்ளைகளோடு அரைமணி உட்காருங்கள். 302-இல் 178 போனால் எவ்வளவு என்று ஆளுக்கொரு தாளில் போடச் சொல்லுங்கள். 124 வந்தால் சரி. 134 என்று எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். நடுவில் இருக்கும் பூச்சியம் பத்தாகி ஒன்பதாகக் குறைந்ததை மறந்துவிட்டது. ஒரே வாரத்தில் சரிசெய்யலாம். 276 என்று எழுதினால் கதை வேறு. மேலே கீழே பார்க்காமல் பெரியதில் இருந்து சின்னதைக் கழிக்கிறது, இடமதிப்பே பிடிபடவில்லை. இருவருக்கும் பதிவேட்டில் ஒரே சுழியம்தான் இருக்கும். வாசிப்புக்கும் இப்படித்தான்: எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள்.

வருகைப் பதிவேட்டில் தை மாதத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். சிராவயல் மஞ்சுவிரட்டு சமயத்தில் பையன்களை வகுப்பில் தேடுவது ஆகாத காரியம். மாசி-பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கும்போதும் அப்படித்தான். திருவிழா இல்லாத ஜூலையிலும் அக்டோபரிலும் வாரத்துக்கு இரண்டு நாள் வராத பிள்ளை யார் என்று பாருங்கள். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே வருகை குறைகிறதா என்றும் கவனியுங்கள். முதலமைச்சரின் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது.

எட்டாம் வகுப்பில் எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவுகோல் வேண்டுமென்றால் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் கல்வி உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருந்தால் எழுதலாம்; தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய். எத்தனை பேர் தேர்வானார்கள் என்பதைவிட, எத்தனை பேரை எழுத வைத்தார்கள் என்று கேளுங்கள். வருமானச் சான்றிதழ் வாங்கத் தெரியாமலே வாய்ப்பை விடும் வீடுகள் உண்டு.

ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். பிள்ளையின் பெயர், சாதி, மதிப்பெண் மூன்றும் ஒன்றாக இருக்கும் பக்கத்தை யாரும் போனில் படம் எடுக்கக் கூடாது. ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு அது போகவே கூடாது. உங்கள் குறிப்பில் அ, ஆ, இ என்று போட்டுக்கொண்டால் போதும்.

எழுதி முடித்த தாளைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள். குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். தலைமையாசிரியரைக் கூண்டில் ஏற்றுவது போலப் பேசினால் அடுத்த கூட்டத்துக்கு ஆளே வராது. "276 எழுதின நாலு பேருக்குச் சாயங்காலம் யார் சொல்லித் தரலாம்?" என்று கேளுங்கள். யாராவது ஒப்புக்கொண்டால், கூட்டம் கலைவதற்குள் அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.