ஆறடி மீன் தொட்டியை இடம் மாற்றும்போது

6×2×2 அடி தொட்டி, 12 மி.மீ. கண்ணாடி: காலியாகவே சுமார் 120 கிலோ. நிரம்பினால் தண்ணீர் மட்டும் 650 லிட்டரைத் தொடும்.

அடியில் நாலு விரல் தண்ணீர் இருந்தால் பரவாயில்லை என்று பலர் தூக்குகிறார்கள். அதுதான் ஆபத்து. தூக்கும்போது அந்தத் தண்ணீர் ஒரு பக்கம் பாய்ந்து, பாரம் முழுக்க ஒரே சிலிக்கான் ஒட்டில் விழும். கல், மணல் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஹீட்டரை அரை மணி நேரம் முன்பே அணையுங்கள். சூடாக இருக்கும்போது தண்ணீர் இறங்கினால் அதன் கண்ணாடி வெடிக்கும்.

ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசவே கூடாது. தொட்டித் தண்ணீரிலேயே, மூடாத வாளியில், ஏர் பம்ப் போட்டு வையுங்கள். மூடி வைத்தால் காற்றில்லாமல், பஞ்சில் வாழ்ந்து மீன் கழிவின் அம்மோனியாவை நீக்கும் நல்ல பாக்டீரியா செத்துவிடும். பிறகு அம்மோனியா ஏறி மீன்கள் போகும்.

தூக்க ஆறு பேராவது வேண்டும். மேல் விளிம்புப் பட்டையைப் பிடிக்காமல் அடியில் கை கொடுங்கள். கண்ணாடிக் கடைக்காரர்களின் சக்ஷன் கப் நன்றாக உதவும். ஈரமோ பாசியோ இருந்தால் வழுக்கும், துடைத்துவிட்டு ஒட்டுங்கள். வண்டியில் 18 மி.மீ. பிளைவுட், அதன்மேல் தெர்மாகோல், அதன்மேல் தொட்டி. படுக்கப்போட வேண்டாம்.

புது இடத்தில் ஸ்டாண்டை நீளத்திலும் அகலத்திலும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பாதி நிரப்பி, ஒரு இரவு விட்டு, மூலைகளில் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் மீதியை நிரப்பலாம்.