கையைக் கட்டச் சொல்லாதீர்கள்

ஏற்காட்டில் எங்கள் பிள்ளைகளிடம் சேலத்திலிருந்து பஸ் எப்படி மலையேறி வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவு என்று வாய் சொல்வதற்குள் கை வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருக்கும். அதே பிள்ளைகளை வகுப்பில் "கையைக் கட்டு, வாயைப் பொத்து" என்று உட்கார வைக்கிறோம். நானும் பல வருடம் அப்படிச் சொன்னவள்தான். வகுப்பறையில் நாம் செய்யும் பெரிய தவறு அது.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் சூசன் கோல்டின்-மெடோ, பேசும்போது கை அசைவதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். ஒரு பிள்ளையின் வாய் தவறான விடையைச் சொல்லும்போது கை வேறொன்றைக் காட்டினால், அந்தப் பிள்ளை கற்றுக்கொள்ளத் தயாராகிவிட்டது என்று 1986லேயே எழுதினார். சூசன் வாக்னர் குக்கோடு சேர்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், கையையும் அசைத்துக் கணக்குக் கற்ற பிள்ளைகள், வாயால் மட்டும் சொன்னவர்களைவிட நன்றாக 4 வாரம் கழித்தும் அதை நினைவில் வைத்திருந்தார்கள்.

என் வகுப்பிலும் பார்த்தேன். 4 + 3 + 6 = __ + 6 என்ற கணக்குக்கு ஒரு சிறுமி 19 என்றாள். ஆனால் அவளுடைய இரண்டு விரல்கள் 4க்கும் 3க்கும் அடியில் ஒன்றாக நின்றன. "விரலை எடுக்காமல் இன்னொரு தடவை சொல்லு பாப்பா" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு 7 என்றாள். கையைக் கட்டியிருந்தால் அது எனக்குத் தெரிந்தே இருக்காது.

இனி நம் கைக்கு வருவோம். இதே கணக்கைப் போர்டில் எழுதி, எல்லா எண்களுக்கும் அடியில் ஒரே இழுப்பாகக் கையை ஓட்டுகிறோம். வாய் "இரண்டு பக்கமும் சமம்" என்கிறது. கையோ எல்லாவற்றையும் கூட்டு என்கிறது. பிள்ளை 19 எழுதுவதில் ஆச்சரியம் என்ன? இடது பக்கத்துக்கு அடியில் இடது கை, நிறுத்தம், அப்புறம் வலது பக்கத்துக்கு அடியில் வலது கை என்று காட்ட வேண்டும்.

அதற்காகக் கையும் வாயும் எப்போதும் ஒன்றையே சொல்ல வேண்டும் என்றில்லை. 2005இல் வந்த ஓர் ஆய்வில், ஆசிரியர் வாயால் ஒரு சரியான வழியையும் கையால் இன்னொரு சரியான வழியையும் காட்டியபோது பிள்ளைகள் கூடுதலாகக் கற்றார்கள். தவறான வழியைக் கை காட்டுவதுதான் கெடுதல்.

போர்டை மறைத்து நின்றுகொண்டு "இது, அது" என்பதும், ஒரு கையில் புத்தகம் மறு கையில் செல்போன் என்று நிற்பதும் எல்லோருக்கும் தெரிந்தவைதான். பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. எண்கோட்டில் எண்கள் வலப்பக்கம் பெருகும் என்று பிள்ளைகளைப் பார்த்தபடி நம் வலது கையை நீட்டுகிறோம். அது அவர்களுக்கு இடப்பக்கம். அப்போது மட்டும் போர்டைப் பார்த்துத் திரும்பி, கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுங்கள். கடைசி பெஞ்சுக்கும் தெரியும்.