பட்டாவில் இருந்த 4.05: வணிக இடங்களைப் பற்றி இணையத்தில் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு சின்ன அறையில் இருந்துகொண்டு கடை, குடோன், ஆபீஸ் இடங்களைப் பற்றிக் கட்டுரையும் வீடியோவும் போடுவது என் வேலை. பார்க்கிறவர்கள் புரோக்கர்கள், கட்டட உரிமையாளர்கள், பில்டர்கள், வங்கிக்கு மதிப்பீடு போடுகிறவர்கள், புதுக் கிளை திறக்க ஊர் ஊராக இடம் தேடும் வியாபாரிகள். வீடு வாங்க வருகிறவர் பால்கனியைப் பார்த்து மயங்கலாம். இவர்கள் கால்குலேட்டரை எடுத்து வைத்துக்கொண்டுதான் வீடியோவையே ஓடவிடுவார்கள். நாம் எழுதும் ஒரு எண் பிசகினால் அவர்களுடைய கணக்கு மொத்தமும் பிசகும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் அங்கேதான் அதிகம் வழுக்குகிறார்கள், நானும் வழுக்கியிருக்கிறேன்.

தாழையூத்துப் பக்கம் ஒரு குடோன் இடம் வந்தது. பட்டாவில் பரப்பு என்ற கட்டத்தில் 0 - 4.05 என்று இருந்தது. நாலு சென்ட் என்று எழுதி இரவே ஏற்றிவிட்டேன். விடிந்ததும் ஒரு பெரிய புரோக்கர் அண்ணாச்சி போன் செய்தார். "ஏ தம்பி, அது சென்ட் இல்லடே, ஏர். பத்து சென்ட்டுல்லா வருது!" அவர் சொன்னதுதான் சரி. பட்டாவில் முதலில் இருப்பது ஹெக்டேர், அடுத்தது ஏர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். 4.05 ஏர் என்றால் பத்து சென்ட், 4,356 சதுர அடி. அதற்குள் ஒரு மொத்த வியாபாரி, நாலு சென்டில் லாரி திரும்பாது என்று அந்த இடத்தையே ஒதுக்கிவிட்டார். பிறகு உண்மையைச் சொன்னபோது அவர் வேறு இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தார். இடத்துக்காரர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

பரப்பைப் பற்றி இன்னும் சில சொல்ல வேண்டும். சென்னைக்காரர்கள் எழுதியதைப் பார்த்து 'கிரவுண்ட்' என்று போடாதீர்கள். 2,400 சதுர அடி கொண்ட அந்த அளவு நம் ஊர் வழக்கில் இல்லை, இங்கே எல்லாருக்கும் சென்ட்தான். கட்டடம் என்றால் கார்பெட் ஏரியாவா (சுவருக்குள் புழங்கும் இடம் மட்டும்), சூப்பர் பில்டப்பா (சுவர், படிக்கட்டு, பொது இடப் பங்கும் சேர்த்தது) என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். கடைக்கு முகப்பு எத்தனை அடி, உள்நீளம் எத்தனை அடி என்பதும் வேண்டும். 500 சதுர அடி என்று மட்டும் சொன்னால், பத்து அடி முகப்பில் ஐம்பது அடி உள்ளே போகும் கடையும், இருபது அடி முகப்புள்ள கடையும் ஒன்றுபோலத் தெரியும். வாடகையில் இரண்டும் ஒன்றாகுமா?

வாடகை விஷயத்தில் நடக்கும் தவறு, ஒற்றை எண்ணோடு நிறுத்துவது. 'மாத வாடகை 60,000' என்று எழுதினால் படிப்பவருக்குப் பாதிதான் கிடைத்தது. வணிக வாடகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதாவது 10,800 ரூபாய். உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவராக இருந்து, வாடகைக்கு வருகிறவர் வழக்கமான முறையில் பதிவு செய்தவராக இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த வரியை வாடகைக்கு வருகிறவரே நேரடியாகக் கட்ட வேண்டும். வாடகைதாரர் ஒரு கம்பெனி என்றால் 6,000 ரூபாயை டிடிஎஸ்ஸாக, அதாவது உரிமையாளர் பேரில் கட்டும் வருமான வரியாக, பிடித்துக்கொண்டுதான் தருவார். 'கைக்கு 60,000 வரும்' என்று நம்பியிருந்த உரிமையாளரும் 'அவ்வளவுதான் செலவு' என்று நினைத்த வியாபாரியும் ஒப்பந்தம் போடும் நாளில் முறைத்துக்கொள்வதை நேரில் பார்த்திருக்கிறேன். வரி சேர்த்தா, சேர்க்காமலா, அட்வான்ஸ் எத்தனை மாதம், வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏறும், பராமரிப்பு யார் தலையில் என்று நான்கு கேள்வி கேட்டால் தீர்ந்துவிடும்.

வெள்ளத்தை மறைப்பது எனக்குத் தாங்கவே முடியாத தவறு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் ஊர் பட்டதை யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரையைத் தாண்டி ஜங்ஷன் பஸ் நிலையத்திலும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸிலும் தண்ணீர் நின்றது. அந்த மழைக்குப் பிறகு ஜங்ஷன் பக்கம் ஒரு தரைத்தளக் கடையைப் படம் எடுக்கப் போனேன். சுவரில் நெஞ்சளவுக்கு மட்டும் புது பெயின்ட், மேலே பழைய பெயின்ட். கேமராவில் அது அழகான இரண்டு நிறச் சுவராகத்தான் தெரிந்தது. பக்கத்து டீக்கடையில் விசாரித்தபோது தண்ணீர் எதுவரை வந்தது என்று கையை நெஞ்சில் வைத்துக் காட்டினார்கள். ஆற்றங்கரைப் பகுதிகளில் தரைத்தளம், பேஸ்மென்ட் எது வந்தாலும் 2023-இல் தண்ணீர் ஏறியதா, மீட்டர் போர்டு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்காமல் எழுதவே கூடாது. சரக்கை இழந்தவனுக்கு நம்முடைய லைக் கணக்கு எதற்கு?

கூட்டத்தைக் காட்டும் வீடியோவிலும் இதே ஏமாற்று உண்டு. வடக்கு ரத வீதியில் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எடுத்தால் எந்தக் கடையும் தங்கச் சுரங்கம்தான். ஆனித் தேரோட்டத்தன்று எடுத்தாலும் அப்படியே. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் எடுத்து, தேதியைத் திரையிலேயே போடுங்கள்.

டவுனில் கோயில் அடிமனையில் நிற்கும் கட்டடத்தை 'விற்பனைக்கு' என்று அப்படியே போடுகிறார்கள். மண் கோயிலுடையது. 1959 அறநிலையத்துறைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகை என்றால்கூட ஆணையர் அனுமதி வேண்டும். ஒரு சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பத்திரப்பதிவுத் துறையின் தளத்தில் யாரும் பார்க்கலாம். போடுவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

பத்திரப்பதிவுக்காக அரசு குறித்துவைக்கும் நில விலையான வழிகாட்டி மதிப்பை வைத்துச் சந்தை விலைக் கதை எழுதுவதும் கூடாது. 2017 ஜூனில் அரசு அதை 33 சதவீதம் குறைத்தது, 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கே கொண்டுவந்தது. அந்த வரைபடத்தைப் போட்டு 'நெல்லையில் நில விலை சரிந்தது' என்று எழுதினால், அரசாணையைச் சந்தை என்று சொன்னதாகிவிடும்.

காசு வாங்கிப் போடும் கட்டுரைக்கு வருவோம். விளம்பரம் இல்லாமல் எங்கள் மாதிரி சின்ன நிறுவனம் ஓடாது, அதை மறைக்க வேண்டியதும் இல்லை. 'இது கட்டண விளம்பரம்' என்று தலைப்புக்குக் கீழேயே எழுத வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகளும், பொருளைப் பரிந்துரைப்பவர் தனக்குள்ள காசுத் தொடர்பைச் சொல்ல வேண்டும் என்கின்றன. ரேரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கடைக்கும் ஆபீசுக்கும் குடோனுக்கும் பொருந்தும் என்பதும் பலருக்குத் தெரியவில்லை. நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாத, அல்லது எட்டு யூனிட்டைத் தாண்டாத சின்னத் திட்டத்துக்கு விலக்கு உண்டு. பெரிய வணிக வளாகம் என்றால் பதிவு எண் இல்லாமல் விளம்பரம் செய்யவே முடியாது. மீறும் பில்டருக்குத் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம். 'நம்பர் வந்துடும், நீங்க போடுங்க' என்பார்கள். வந்த பிறகு போடலாம்.

கடைசியாக, பழைய பதிவுகள். 2019 நவம்பர் 22-ஆம் தேதிக்கு முன் எழுதியவற்றில் சங்கரன்கோவில் குடோனும் செங்கோட்டை மில் இடமும் திருநெல்வேலி மாவட்டம் என்றே கிடக்கும், இன்று அவை தென்காசி மாவட்டம். வாடகைக்குப் போய்விட்ட கடைகள் 'உடனே தேவை' என்று தேடலில் மேலே வந்து நிற்கும். மாதம் ஒரு நாள் ஒதுக்கி எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். முடிந்ததை 'முடிந்தது' என்று குறியுங்கள், திருத்தினால் எதைத் திருத்தினோம், எந்தத் தேதியில் என்று பதிவின் தலையிலேயே எழுதுங்கள். அந்தத் தாழையூத்துப் பதிவின் முதல் வரியில் இன்றும் இருக்கிறது: 'நாலு சென்ட் என்று முதலில் எழுதியது தவறு, சரியான பரப்பு பத்து சென்ட்.'