வீட்டுத் தோட்டத்தில் விறகு பீட்சா அடுப்பு: நெல்லைப் பக்கத்துக்கு ஏற்ற கட்டுமுறை

நான் கட்டிய முதல் அடுப்பு விரிசல் விட்டது. கல்லும் கலவையும் நன்றாகத்தான் இருந்தன. தளத்துக்கு அடியில் சூட்டைத் தடுக்க எதுவும் போடாததும், ஈரம் காயும் முன்பே பெருந்தீ மூட்டியதும்தான் காரணம். ஆகவே அவ்விரண்டையும் இங்கே விரிவாகவும், எந்தக் கொத்தனாரும் அறிந்த மற்ற வேலைகளைச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

மாசியில் வேலையைத் தொடங்கினால் சித்திரை வெயிலில் அடுப்பு காய்ந்து, ஐப்பசி அடைமழைக்கு முன் கூரையும் போட்டுவிடலாம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் மேற்குக் காற்று, மேற்கு பார்த்த வாய்க்குள் நேராகப் புகுந்து புகையை வெளியேற விடாது என்பதால், அடுப்பின் வாய் கிழக்கு நோக்கி இருக்கட்டும். அருகில் வைக்கோல் படப்போ ஓலைக் கொட்டகையோ இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

முடிந்த அடுப்பின் எடை ஒரு டன்னைத் தாண்டும். 7 அடிச் சதுரத்தில், செம்மண் நிலமானால் ஒன்றரை அடி தோண்டி அடித்தளம் போட்டால் போதும். சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் வெடிப்பதால், அங்கே 3 அடி தோண்டிச் சரள் கொட்டி இடித்து இறுக்கிய பிறகே கான்கிரீட் போட வேண்டும். அதன் மேல் நாட்டுச் செங்கல்லால் மூன்று பக்கச் சுவர் எழுப்பி, நடுவை விறகு அடுக்க விட்டு, கம்பி கட்டி 4 அங்குலக் கான்கிரீட் தளம் போடுங்கள். பீட்சா வேகும் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 40 அங்குல உயரத்தில் அமைந்தால் குனியாமல் வேலை செய்யலாம்.

இந்தக் கான்கிரீட்டின் மேல் நேரடியாகச் செங்கல் பரப்பினால், மூட்டிய தீயின் சூட்டை அது குடித்துக்கொண்டே இருக்கும்; பீட்சாவின் மேல்புறம் கருகினாலும் அடிப்புறம் வெளுத்தே கிடக்கும். 5 பங்கு பெர்லைட்டுக்கு (பொரிபோல உப்பிய எரிமலைக் கல் துகள்) 1 பங்கு சிமெண்ட் என்று கலந்து, 4 அங்குலக் கனத்தில் ஓர் அடுக்கு இடுங்கள். பெர்லைட் மாடித்தோட்டச் சாமான்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். கையில் அள்ளிப் பிடித்தால் கொழுக்கட்டைபோல உருண்டு நிற்கும் பதமே போதும்; அதற்கு மேல் ஊற்றும் தண்ணீர் முழுவதையும் பின்னால் நீங்களே காயவைக்க வேண்டியிருக்கும். அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலைகளின் உமிச்சாம்பலும் சூட்டைத் தடுக்க வல்லதுதான். பெரும்பகுதி சிலிக்காவான அதை எஃகு ஆலைகளில் உருகிய எஃகின் மேல் சூடு ஆறாமலிருக்கத் தூவுகிறார்கள். ஆனால் எடை தாங்கும் தளத்துக்கு அடியில் அதை நான் நம்ப மாட்டேன். அதற்கு வேறு இடம் இருக்கிறது.

பீட்சா வேகும் தளத்துக்கு, கடும் சூட்டைத் தாங்கும் தீச்செங்கல்லைத் தவிர வேறெதுவும் வேண்டாம். 9 அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், 3 அங்குலக் கனம் உள்ள கல்லைச் சிமெண்ட் இல்லாமல், சலித்த மணலும் தீக்களிமண் தூளும் கலந்த மெல்லிய படுகையின் மேல் நெருக்கி அடுக்குங்கள். வரிசைகள் வாய்க்குக் குறுக்காக 45 பாகையில் ஓடினால், பீட்சாவை உள்ளே தள்ளும் துடுப்பு கல்விளிம்பில் முட்டாது. கலவை போட்டு ஒட்டாததால், என்றாவது ஒரு கல் வெடித்தாலும் அதை மட்டும் பெயர்த்து மாற்றிக்கொள்ளலாம்.

தளத்தின் மேல் எழுப்பும் குவிமாடத்தின் உள்விட்டம் 36 அங்குலம், உயரம் 18 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், வாயின் உயரம் பதினொன்றரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். வாய் உயரம் மாடத்தின் உயரத்தில் 63 விழுக்காடு என்பது பழகிய விகிதம். மிகுந்தால் சூடு வழியும், குறைந்தால் தீ மூச்சு முட்டும். செலவைக் குறைக்க விரும்புவோர் மாடத்துக்கு மட்டும் நன்றாக வெந்த நாட்டுச் செங்கல்லைப் பயன்படுத்தலாம். முழுவதும் தீச்செங்கல் என்றால், தளத்தையும் சேர்த்து ஏறத்தாழ 150 கல் வேண்டும். மணல் 3, சிமெண்ட், சுண்ணாம்பு, தீக்களிமண் தலா 1 என்பது கலவை. கடும் சூட்டில் சிமெண்ட் வலுவிழந்தாலும் சுண்ணாம்பும் களிமண்ணும் பிடித்துக்கொள்ளும்.

தளத்தின் நடுப்புள்ளியில் ஆணி அடித்து, 18 அங்குலக் கம்பு ஒன்றை எல்லாப் பக்கமும் திரும்பும்படி அதில் கட்டுங்கள். நனைத்த பாதிக் கற்களை ஒவ்வொன்றாகக் கம்பின் நுனி தொடும்படி வைத்தால் மாடம் கோணாது. ஐந்தாவது வரிசைக்கு மேல் கல் வழுக்கத் தொடங்கும். சணல் கயிற்றின் ஒரு முனையில் வேறொரு செங்கல்லைக் கட்டி வெளிப்புறம் தொங்கவிட்டு, மறுமுனையை வைத்த கல்லின் மேல் சுற்றிப் பிடிக்கச் செய்யலாம். வளையம் முழுவதும் மூடியதும் கற்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும்.

இந்த இடத்தில்தான் எங்கள் கொத்தனார் வேலையை நிறுத்தினார். “மேல ஒரு ஓட்டை விடாம புகை எப்படிப் போகும் அண்ணாச்சி?” என்று கேட்டார். வீட்டு அடுப்பங்கரையின் புகைபோக்கியை நினைத்து அவர் கேட்டது நியாயமே. ஆனால் மாடத்தின் உச்சியில் துளையிட்டால் சூடும் அதன் வழியே போய்விடும். காற்று வாயின் கீழ்ப்பாதி வழியாக உள்ளே புகுந்து, தீயைத் தீண்டி, மாடத்தை நக்கிக்கொண்டு வாயின் மேற்பாதி வழியாகத் திரும்பும்; ஆகவே 6 அங்குல விட்டமுள்ள புகைக்குழாயை வாய்க்கு வெளியே, முன்வளைவின் மேல்தான் நிறுத்த வேண்டும்.

மாடத்தைச் சுற்றி, தொடாமல், சதுரமாக நாட்டுச் செங்கல் சுவர் எழுப்பி, மாடம் முழுவதும் காய்ந்த பிறகு இடைவெளியில் அந்த உமிச்சாம்பலை ஓரடிக் கனத்துக்கு நிரப்புங்கள். கொட்டும்போது முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நனைந்த சாம்பல் சூட்டைத் தடுக்காது என்பதால் மேலே தகரமோ ஓடோ போட்டாக வேண்டும்.

கட்டி முடித்து மூன்று வாரம் ஈரச்சாக்கு போர்த்தி, பிறகு நிழலில் ஆறவிடுங்கள். தண்ணீர் நீராவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும். கல்லுக்குள் அகப்பட்ட நீராவிக்கு வழியில்லையென்றால் அது கல்லையே பிளக்கும். என் முதல் அடுப்பில் இரண்டாம் நாளே அரைப் பாரம் விறகை அடுக்கிவிட்டு நின்றபோது, உள்ளேயிருந்து தேங்காய் உடைபடுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. மறுநாள் பார்த்தால் உச்சியிலிருந்து வாய்வரை ஒரு கோடு. இரண்டாவது அடுப்பில் முதல் நாள் சிரட்டையும் சுள்ளியும் மட்டும் போட்டு 100 பாகை செல்சியசைத் தாண்டாமல் ஆறு மணி நேரம் வைத்திருந்தேன். பிறகு ஒரு வாரம், நாளுக்கு ஏறத்தாழ 50 பாகையாகக் கூட்டினேன். வெளிச்சுவரில் ஈரக்கறை தெரிந்தால், அது மறையும்வரை கூட்ட வேண்டாம். மயிரிழை விரிசல்கள் வரத்தான் செய்யும். அவற்றுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

சமைக்கும் நாளில் காய்ந்த சீமைக்கருவேல விறகை நடுவில் எரியவிடுங்கள். முதலில் மாடம் கரிப்பிடித்துக் கறுக்கும். ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் அந்தக் கரியே எரிந்து செங்கல் வெளுக்கும். அப்போது கங்குகளை ஓரமாக ஒதுக்கி, தளத்தைத் துடைத்து, ஒரு சிட்டிகை மைதா தூவிப் பாருங்கள். விழுந்த கணமே கருகினால் சற்றுப் பொறுக்க வேண்டும். மெல்லப் பழுப்பேறினால் மாவை இறக்கலாம். 400 பாகைக்கு மேல் இருக்கும் தளத்தில் பீட்சா ஒன்றரை நிமிடத்தில் வெந்துவிடும். பாதியில் ஒருமுறை திருப்பிவிடுங்கள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பின் வாயை மூடிவைத்தால், மறுநாள் காலையிலும் உள்ளே ரொட்டி சுடும் அளவுக்குச் சூடு இருக்கும். எங்கள் வீட்டில் இரவே சீனிக்கிழங்கை உள்ளே தள்ளிவிடுகிறோம்.