மெல்லிய துணியில் சட்டை தைக்கும்போது விடும் தவறுகள்

சித்திரை பிறந்தால் வன்னியில் வெக்கை தொடங்கிவிடும். தகரக் கூரை வீடென்றால் மத்தியானம் அடுப்படிக்குள் இருப்பது போலத்தான். அந்த நேரத்தில் உடம்பில் ஒட்டாத ஒரு சட்டை பெரிய ஆறுதல். அதை வீட்டிலேயே தைக்கலாம். ஆனால் தடித்த துணிக்குப் பழகிய கையோடு மெல்லிய பருத்தியைத் தொட்டால் துணிதான் வீணாகும்.

முதல் தவறு கடையிலேயே நடக்கிறது. மெலிசாக இருந்தால் குளிர்ச்சி என்று நம்பி வாங்குகிறோம். பொலியெஸ்ரரிலும் மெலிசு உண்டு. அது வேர்வையை உறிஞ்சாது. சின்னத் துண்டொன்று கேட்டு வாங்கிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி மணத்தோடு எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்ரர் உருகிச் சுருண்டு மணிபோல இறுகும்.

அடுத்தது, நனைக்காமல் வெட்டுவது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு என்று மகளுக்கு ஒரு வெள்ளைக் கவுன், முதல் நாள் இரவு அவசரத்தில் அப்படியே வெட்டித் தைத்தேன். போட்டபோது வடிவாகத்தான் இருந்தது. ஒருமுறை தோய்த்ததும் முழங்காலுக்கு மேலே ஏறி, கைக்குழியும் இறுகிவிட்டது. பிள்ளை பிறகு அதைப் போடவேயில்லை. 5 விழுக்காடு சுருங்கினாலே ஒரு மீற்றரில் 5 சென்ரிமீற்றர் போய்விடும். இரவு வாளித் தண்ணீரில் ஊறவிட்டு, காலையில் நிழலில் காயப்போட்டு, அயன் பண்ணிய பிறகு கத்தரிக்கோலை எடுங்கள்.

இனி ஊசி. தடித்த துணிக்குப் போட்ட 16ஆம் நம்பர் ஊசி பலருடைய மெசினில் மாதக்கணக்காக அப்படியே கிடக்கும். அதன் பருமன் 1 மில்லிமீற்றர். 9ஆம் நம்பரோ 0.65 மில்லிமீற்றர்தான். தடித்த ஊசி மெல்லிய துணியில் நூலை இழுத்து, தையல் நீளத்துக்கும் சுருக்கம் விழுத்தும். பிரித்தால் ஓட்டைகள் தெரியும். 9 அல்லது 11 போடுங்கள், மெல்லிய நூலும் போடுங்கள். ஒரு தையலின் நீளத்தை 2 மில்லிமீற்றர் அளவுக்கு வையுங்கள். தொடங்கும் இடத்தில் மெசின் துணியை உள்ளே இழுத்தால், அடியில் ஒரு மெல்லிய கடதாசித் துண்டை வைத்துச் சேர்த்துத் தைத்து, அப்புறம் கிழித்து எடுத்துவிடலாம்.

வழுக்கும் துணியோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். சோறு வடித்த கஞ்சியைத் தண்ணீர் விட்டுக் கலக்கி, வடித்து, துணியை அதில் முக்கிக் காயவிடுங்கள். கடதாசிபோல விறைப்பாக நிற்கும், கோடு கீறினால் விலகாது. தைத்து முடித்துத் தோய்த்தால் கஞ்சி போய்விடும்.

ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லொக் மெசின் இல்லையென்று ஓரத்தை வெறுமனே விட்டால் நாலு தோய்ச்சலில் நூல் நூலாகப் பிரியும். இதற்கு உள்ளே மூடித் தைக்கும் தையல்தான் நல்லது. 1.5 சென்ரிமீற்றர் தையலுக்கு விட்டு வெட்டுங்கள். நல்ல பக்கம் வெளியே இருக்க, ஓரத்திலிருந்து அரைச் சென்ரிமீற்றர் தள்ளி ஒரு தையல். ஓரத்தை 3 மில்லிமீற்றருக்கு நறுக்கி, உள்பக்கமாகத் திருப்பி, 1 சென்ரிமீற்றரில் இன்னொரு தையல். பிசிர் எல்லாம் உள்ளே அடங்கிவிடும், வேர்வைத் தோலில் உராயாது.

கடைசியாக, உடம்போடு ஒட்ட அளவெடுக்காதீர்கள். காற்று உள்ளே போக இடமில்லாவிட்டால் எந்தத் துணியும் புழுங்கும். மார்புச் சுற்றளவுக்கு மேல் 10 சென்ரிமீற்றராவது விடுங்கள், கைக்குழியைக் கொஞ்சம் இறக்கி வெட்டுங்கள். வெளியே தெரிகிறது என்று உள்துணி கொடுப்பதென்றால் அதுவும் பருத்தியாகவே இருக்கட்டும்.