ஓவியன் கதையைத் தஞ்சை மண்ணில் எடுக்க வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், கும்பகோணம், திருவையாறு பக்கம் சின்ன பட்ஜெட்டில் சுயாதீனப் படம் எடுக்க வருகிற பிள்ளைகள் இப்போது அதிகம். அவர்கள் கொண்டுவருகிற கதைகளில் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது: ஓர் ஓவியன், அவன் வரைகிற பெண், இருவருக்கும் நடுவில் மெல்ல முளைக்கிற காதல். எனக்கு மிகவும் பிடித்த கதை அது. கலைப் பிரிவில் வேலை பார்க்கிறவன் என்பதால் கூப்பிட்டதும் கிளம்பிவிடுவேன். போய்ப் பார்த்தால், ஆரம்ப காலத்தில் எங்கள் படங்களைக் கெடுத்த அதே தப்புகள் அங்கே வரிசையாக நடந்துகொண்டிருக்கும். இவர்களாவது தப்பிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பேட்டரி, மெமரி கார்டு, சாப்பாட்டு நேரம் இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது எல்லாப் படத்துக்கும் பொது. ஒருமுறை அடிபட்டால் தானே புத்தி வந்துவிடும்.

ஒரே ஒரு ஓவியத்தோடு படப்பிடிப்புக்குப் போவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற தப்பு.

நாயகன் தஞ்சாவூர் ஓவியம் செய்கிறவன் என்று வைத்துக்கொள்வோம். இயக்குநர் கடையில் ஒரு படத்தை வாங்கிவருவார். இல்லையென்றால் தெரிந்த ஓவியரிடம் சொல்லி ஒன்று செய்துவாங்குவார். செட்டில் நாயகன் தூரிகையோடு உட்கார்ந்து, முடிந்துபோன ஓவியத்தின் மேல் தொட்டும் தொடாமலும் தடவிக்கொண்டிருப்பான். இந்த ஊர்க்காரர்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தஞ்சாவூர் ஓவியம் கட்டம் கட்டமாக வளர்கிற பொருள். பலகைக்கு முன்பெல்லாம் பலா மரம், இப்போது பிளைவுட். அதில் துணி ஒட்டி, சாக்பவுடரும் பசையும் கலந்து பூசி, காய்ந்ததும் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். அதன்மேல் கோட்டுப்படம். பிறகு கல் பதித்து, மக்கு என்கிற கெட்டியான பசைக்கலவையை வைத்து, நகையையும் தூணையும் திருவாசியையும் புடைப்பாக எழுப்புவார்கள். மக்கு காய்ந்த பிறகு தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு. அதற்கப்புறம்தான் வண்ணம். கண் கடைசியில். ஓவியருக்கு ஓவியர் சின்னச் சின்ன மாற்றம் இருக்கும். ஆனால் ரேக்கு ஒட்டி முடிகிறவரை முகம் பெரும்பாலும் வெறும் கோடுதான்.

இதைத் தெரிந்துகொண்டால் திரைக்கதையே மாறிவிடும். நகை ஜொலிக்கிறது, மண்டபம் ஜொலிக்கிறது, நடுவில் இருப்பவளுக்கு மட்டும் முகம் இல்லை. படத்தின் முக்கால்வாசி நேரம் பலகை இப்படித்தான் இருக்கும். எதிரே அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவன் எப்போது அவள் முகத்தை எழுதப்போகிறான் என்ற எதிர்பார்ப்பே காதல் காட்சிகளை நகர்த்திக்கொண்டு போகும். வேலைமுறையே இப்படி ஒரு வரத்தைக் கொடுத்திருக்க, முதல் காட்சியிலேயே அவன் கண் எழுதுவதாக ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டு வருகிறார்கள்.

நான் வேலை பார்த்த ஒரு படத்தில் நடந்ததைச் சொல்கிறேன். திருவையாற்றுப் பக்கம் ஓர் அக்ரஹாரத்து வீடு, குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் வாடகைக்குக் கிடைத்தது. நடிகையின் தேதிக்காக கிளைமாக்ஸை முதலில் எடுத்தார்கள். முடிந்த ஓவியத்தில் தன் முகத்தை அவள் முதன்முதலாகப் பார்க்கிற காட்சி. அருமையாக வந்தது. மறுநாள் மக்குக் கட்டத்துக் காட்சி. கையில் இருப்பதோ முடிந்த ஓவியம் ஒன்றுதான். "ரேக்கு மேல வெள்ளை அடிச்சிடுங்க, எடுத்து முடிச்சிட்டுத் துடைச்சிக்கலாம்" என்றார் இயக்குநர். கூடாது என்று நான் சொன்னதற்கு, நேரமில்லை என்று பதில் வந்தது. ஓவியம் செய்துகொடுத்தவர் திண்ணையிலிருந்து எழுந்து வந்து, "தம்பி, இது அழிச்சு எழுதுற சிலேட்டு இல்லப்பா" என்றார். அதையும் யாரும் காதில் வாங்கவில்லை.

ஈரத்துணியால் துடைத்தபோது வெள்ளையோடு ரேக்கும் வந்தது. மக்கு எழும்பி நிற்கிற விளிம்புகளில்தான் முதலில் கிழிந்தது. காசுமாலையில் பாதிக் காசு மொட்டை. அவசரத்துக்கு மஞ்சள் பெயின்ட் வைத்து அடைத்தார்கள். எடிட்டில் உட்கார்ந்தபோது ஒரு ஷாட்டில் தங்க மாலை, அடுத்ததில் வெள்ளை, அதற்கடுத்ததில் மஞ்சள் திட்டு. கிளைமாக்ஸோடு ஒட்டவேண்டிய அண்மைக் காட்சிகள் எதுவும் ஒட்டவில்லை. படத்திலேயே நல்ல காட்சி பாதியாகக் குறைந்தது. மறுபடி எடுக்கலாம் என்றால் வீடு கைவிட்டுப் போயிருந்தது. புது ஓவியத்துக்கும் வீட்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது, முதலிலேயே ஐந்து பலகை செய்திருந்தால் அதில் ஒரு பங்குகூட ஆகியிருக்காது.

ஆம், ஐந்து பலகை. கோட்டுப்படம் ஒன்று, கல்லும் மக்கும் முடிந்தது ஒன்று, ரேக்கு ஒட்டியது ஒன்று, முகம் தவிர வண்ணம் முடிந்தது ஒன்று, முழுதாக முடிந்தது ஒன்று. முகம் எழுதுகிற காட்சியைப் பல டேக் போவீர்கள் என்றால் நான்காவதில் இன்னொன்று கூடுதலாக வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே டிரேசிங்கிலிருந்து கோடு இறக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டத்துக்குக் கட்டம் மூக்கு நகரும். நடிகையை முடிவு செய்த பிறகுதான் டிரேசிங். பாதியில் நாயகியை மாற்றினால் பலகைகளையும் மாற்றியாக வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மழைக்காலத்தில் மக்கு காய நாளாகும். ஓவியருக்கு அந்த அவகாசத்தைக் கொடுங்கள்.

ரேக்கில் மிச்சம் பிடிக்க ஆசை வரும். அசல் தங்கமும் போலி ரேக்கும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் விளக்கு வெளிச்சத்தில் நிறம் வேறுபடும். அண்மைக் காட்சியில் காட்டப்போகிற பலகைகள் எல்லாவற்றிலும் ஒரே ரேக்காக இருக்கட்டும். கிளாப் போர்டிலும் தொடர்ச்சிக் குறிப்பிலும் காட்சி எண்ணோடு பலகை எண்ணையும் எழுதுங்கள்.

ரேக்கு ஒட்டுகிற காட்சியை மட்டும் அசலாகவே எடுங்கள். மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, மெல்லிய தகட்டைக் கத்தரித்து மக்கு மேல் வைத்து, விரல் நுனியாலும் சின்னக் குச்சியாலும் புடைப்புகளின் இடுக்கு வரை அழுத்துவார்கள். காற்றில் தகடு பறந்துவிடும் என்பதால் பேச்சுக்கூடக் குறைந்துபோகும். ஒரு காதல் படத்துக்கு இதைவிட நல்ல மௌனம் எங்கே கிடைக்கும்?

தங்கத்துக்கு நேராக விளக்கு வைப்பது

எல்இடி பேனலை எதிரே வைத்தால் ரேக்கில் வெள்ளைத் திட்டு விழும். பளபளப்பைக் குறைக்கிற போலரைசர் ஃபில்டரை லென்ஸில் போட்டாலும் போகாது, உலோகத்தில் படுகிற பிரதிபலிப்பை அது வெட்டாது. பக்கவாட்டிலிருந்து, துணி கட்டி, தாழ்வாகக் கொடுங்கள். மக்கின் மேடு பள்ளம் நிழலோடு எழும்பி வரும்.

வலக்கை ஓவியர், இடக்கை நாயகன்

அண்மைக் காட்சியில் நாயகன் கைக்குப் பதிலாக ஓவியர் கையைக் காட்டுவது கை டூப். அதைப் பேசுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவளை வெறுமனே உட்காரவைப்பது

மரபாகத் தஞ்சாவூர் ஓவியம் செய்கிறவர் எதிரே ஆளை உட்காரவைத்து வரைவது வழக்கமில்லை. கிருஷ்ணர், லட்சுமி, ராமர் பட்டாபிஷேகம் எல்லாம் வழிவழியாக வந்த கோடுகள். அப்படியிருக்க இந்தப் பெண் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறாள்? நான் படிக்கிற ஸ்கிரிப்ட்களில் இதற்குப் பதில் இருப்பதில்லை. பதில் தேடினால் கதை கிடைக்கும். அதுவரை உயிருள்ள ஒரு முகத்தைப் பார்த்து வரையாதவன், முதன்முறையாகப் பார்க்கத் தொடங்குகிறான். தேவியின் முகத்தில் பக்கத்துத் தெருப் பெண்ணின் சாயல் வருகிறது. வீட்டில் என்ன சொல்வார்கள்? படத்துக்கு ஆர்டர் கொடுத்தவர் வாங்கிக்கொள்வாரா? ரவிவர்மா உயிருள்ள பெண்களைப் பார்த்துத் தேவியரை வரைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. ஆனாலும் பூஜையறையில் மாட்டப்போகிற படத்தில் தெரிந்த முகம் வந்தால் இன்றும் கேள்வி எழும்.

அவளுக்கு ஒரு தொழில் கொடுங்கள். திருபுவனத்தில் பட்டுத் தறி வீட்டுப் பெண் என்றால் நிறம் பற்றி அவனைவிட அவளுக்கு அதிகம் தெரியும். "இந்த அரக்கு செத்த அரக்கா இருக்கே" என்று அவள் சொல்ல, அவன் மறுபடி வண்ணம் குழைக்கட்டும். உட்கார்ந்தே இருந்தால் கால் மரத்துப்போகும், சாயங்காலம் கொசு பிடுங்கும், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து வேறு மாதிரி உட்காருவாள். இதெல்லாம் இல்லாமல் சன்னலோரம் கூந்தலை விரித்துப்போட்டு வைத்தால் அங்கே காதலிக்க ஆளே இல்லை. நடிகைக்கும் அது அநியாயம். நல்ல நடிகைகள் பலர் இப்படிப்பட்ட வேடத்தில் சன்னலைப் பார்த்தே வீணாகியிருக்கிறார்கள்.

தை மாதம் இடம் பார்த்துவிட்டுச் சித்திரையில் வருவது

மேட்டூரில் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. அணையில் இருப்பு குறைவான ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போகும். தை மாதம் நீங்கள் பார்த்த காவிரி சித்திரையில் மணல்வெளி. வயலும் அப்படியே: குறுவை, சம்பா, தாளடி எது எப்போது நடவு, எப்போது அறுவடை என்று ஊரில் ஒரு விவசாயியிடம் கேட்டுவிட்டுத் தேதி போடுங்கள். நட்டு இரண்டு வாரம் ஆன பயிரும் கதிர் வாங்கிய பயிரும் ஒரே காட்சியில் ஒட்டவே ஒட்டாது. வறண்ட ஆற்றைக் கதைக்குள்ளேயே கொண்டுவர முடிந்தால் இன்னும் நல்லது. திறந்துவிட்ட தண்ணீர் மணலை நனைத்துக்கொண்டு வருவதைக் காத்திருந்து எடுத்தவர்களுக்குக் கிடைத்த காட்சி எந்த செட்டிலும் கிடைக்காது.

பெரிய கோயிலில் "சும்மா ஒரு ஷாட்"

வேண்டாம். அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, தாராசுரமும் அப்படியே. முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். ஊர்க் கோயில்கள் பெரும்பாலும் அறநிலையத் துறையின் கீழ் வரும், அதற்குத் தனி அனுமதி. நாயகன் நாயகிக்குச் சோழர் கால ஓவியங்களைக் காட்டுவதாகவும் எழுதுகிறார்கள். 1931இல் வெளிச்சத்துக்கு வந்த அந்த ஓவியங்கள் கருவறையைச் சுற்றிய உள் திருச்சுற்றில் இருக்கின்றன, பொதுமக்களுக்குத் திறந்துவிடுவதில்லை. கதையில் அவர்கள் உள்ளே போக முடியாமல் வெளியே நின்று அதைப் பற்றிப் பேசட்டும். அதுதான் உண்மை, காட்சியும் அதில் கனமாகும்.

மார்கழியில் சிங்க் சவுண்ட்

படப்பிடிப்பின்போதே வசனத்தைப் பதிவு செய்வதுதான் சிங்க் சவுண்ட். மார்கழியில் விடியுமுன்பே ஒலிபெருக்கி தொடங்கிவிடும். ஆடியிலும் அப்படித்தான்.

கலைஞன் என்றால் பீடி

அவன் பீடி பிடிக்கிற ஒவ்வொரு ஃபிரேமிலும் புகையிலை எச்சரிக்கை வாசகம் போட்டாக வேண்டும். அவளைப் பார்த்து அவன் மௌனமாக இருக்கிற காட்சியின் அடியில் அந்த வரி நிற்கும். சட்டம் அது, மாற்ற முடியாது. பீடியை எடுத்துவிடுங்கள்.

கிளியும் மாட்டுவண்டியும்

ஓவியத்தில் கிளி இருக்கிறது என்பதற்காக வீட்டுக்குள் கூண்டுக்கிளி வைக்காதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி குற்றம். மாட்டுவண்டிக் காட்சிக்கு விலங்கு நல வாரியத்தின் அனுமதி படப்பிடிப்புக்கு முன்பே வேண்டும். தணிக்கைக்குப் போகும்போது கேட்பார்கள்.

ஓவியரை மறந்துவிடுவது

ஐந்து பலகையும் செய்து, அண்மைக் காட்சியில் தன் கையையும் கொடுத்தவர் பெயர் பல படங்களில் "நன்றி" பட்டியலில் பத்தோடு பதினொன்றாகப் போகிறது. சிலவற்றில் அதுவும் இல்லை. என்ன சம்பளம், ஓவியம் படத்துக்குப் பிறகு யாருக்குச் சொந்தம், போஸ்டரில் பயன்படுத்தலாமா என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அவர் வீட்டுச் சுவரிலிருந்து இரவல் வாங்கி மாட்டுகிற பழைய படங்களுக்கும் எழுத்தில் சம்மதம் வேண்டும். டைட்டிலில் "ஓவியங்கள்" என்று போட்டு அவர் பெயரைத் தனி அட்டையில், ஒளிப்பதிவாளர் பெயருக்குப் பக்கத்தில் போடுங்கள். முதல் திரையிடலுக்குக் கூப்பிடும்போது பஸ் ஏறி வரச் சொல்லாதீர்கள், வண்டி அனுப்புங்கள்.